வானில் தொங்கும் விளக்கு

காசியில் கார்த்திக மாதம் முழுவதும் மூங்கில் நுனியில் எரியும் ஆகாச தீபம் யாருக்காக? லட்சக்கணக்கான அகல்களின் திருவிழாவுக்கு நடுவே அந்தக் கேள்வி மங்கிக்கொண்டிருக்கிறது.

தசாஸ்வமேத கட்டத்தில் மாலை ஆரத்தி தொடங்கும் நேரத்தில் உட்கார இடம் கிடைப்பதில்லை. ஒரே மாதிரி உடையணிந்த இளம் பூசாரிகள் வரிசையாக மேடைகளில் நிற்கிறார்கள். ஒலிபெருக்கி, சங்கு, அடுக்குத் தீபங்கள். நதியில் படகுகள் ஒன்றையொன்று உரசி நிற்க, அவற்றிலிருந்து செல்போன்கள் உயர்கின்றன. இத்தனை பேரில் அண்ணாந்து பார்ப்பவர்கள் மிகக் குறைவு. பார்த்தால், படித்துறை ஓரத்தில் நட்டிருக்கும் உயரமான மூங்கில்கள் தெரியும். ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சிறு கூடை. கூடைக்குள் ஓர் அகல். பின்னலின் இடுக்குகள் வழியே கசியும் வெளிச்சத்தில் படிக்கவும் முடியாது, படம் எடுத்தாலும் சரியாக விழாது. கீழே நிற்பவர்களுக்கு அந்த விளக்கால் எந்தப் பயனும் இல்லை. அது அவர்களுக்காக ஏற்றப்பட்டதும் இல்லை.

இதுதான் ஆகாச தீபம். வட இந்தியப் பஞ்சாங்கப்படி கார்த்திக மாதம் சரத் பூர்ணிமைக்கு மறுநாள் தொடங்கி அடுத்த பௌர்ணமியில் முடிகிறது. அந்த ஒரு மாதமும் தினமும் அந்தியில் கூடையைக் கயிற்றால் இறக்கி, அகலில் எண்ணெய் விட்டு, திரி போட்டு, ஏற்றி, மறுபடி மேலே இழுத்துவிடுகிறார்கள். மாதத்தின் நட்டநடுவில், நிலா அறவே இல்லாத இரவில் வருகிறது தீபாவளி. ஆக, ஒரு பௌர்ணமியிலிருந்து புறப்பட்டு, அமாவாசை இருட்டைக் கடந்து, அடுத்த பௌர்ணமியைத் தொடும் விளக்கு இது. தீபாவளி அதன் வழியில் வரும் ஓர் இரவுதான்.

யாருக்கு இந்த விளக்கு என்று கேட்டால் இரண்டு பதில்கள் கிடைக்கும். சாஸ்திரம் சொல்லும் பதில் ஒன்று. காசியிலேயே வாழ்ந்த கமலாகர பட்டர் 1612ல் எழுதி முடித்த 'நிர்ணயசிந்து', எந்த விரதத்தை எந்தத் திதியில் எப்படிச் செய்வது என்று முடிவு சொல்லும் நூல். இன்றும் பஞ்சாங்கம் கணிப்பவர்கள் சந்தேகம் வந்தால் அதைத்தான் புரட்டுகிறார்கள். ஆகாச தீபத்துக்கும் அதில் இடம் உண்டு. விளக்கேற்றும்போது சொல்லும் வழக்கமான மந்திரம் அதைத் தாமோதரனுக்கு, அதாவது விஷ்ணுவுக்கு, லட்சுமியோடு சேர்த்து அர்ப்பணிக்கிறது. சூரியன் துலா ராசியில் இருக்கும் காலம் என்ற குறிப்பும் அந்த மந்திரத்திலேயே வருகிறது. தமிழர்கள் ஐப்பசியில் காவிரியில் துலா ஸ்நானம் செய்வது இதே கணக்கில்தான்.

படித்துறையில் கயிறு இழுப்பவர்களின் பதில் வேறு. இது முன்னோர்களுக்கு. புரட்டாசி மாதத்து மஹாளய பட்சத்தில் பித்ருக்கள் பூமிக்கு வருகிறார்கள், எள்ளும் நீரும் வாங்கிக்கொள்கிறார்கள், பிறகு தங்கள் உலகத்துக்குத் திரும்புகிறார்கள் என்பது நம்பிக்கை. திரும்பும் வழி இருட்டு. ஆகவே விளக்கு. அதுவும் தரையில் வைத்தால் போதாது. அவர்கள் போவது வான் வழியே அல்லவா?

சாஸ்திரத்துக்கும் ஜனங்களுக்கும் இதில் சண்டை ஒன்றும் வந்ததில்லை. மந்திரம் தாமோதரனுக்கு, மனசு போன வருஷம் இறந்த தகப்பனாருக்கு என்று இரண்டும் ஒரே கூடையில் மேலே போகின்றன.

இறந்தவர்களுக்கு வழிகாட்டும் ஒளி என்ற இந்தக் கருத்து காசிக்கு மட்டும் சொந்தமில்லை. தீபாவளி என்றால் லட்சுமி, ராமர் அயோத்தி திரும்பிய நாள், நரகாசுர வதம் என்றே பள்ளிப் பாடப் புத்தகங்கள் சொல்லிக்கொடுத்திருப்பதால், அந்தப் பண்டிகையின் அடியில் ஓடும் இந்த இன்னொரு இழை பலர் கண்ணில் படுவதில்லை. ஒரிசாவில் அது மேலேயே தெரிகிறது. தீபாவளி அந்தியில் குடும்பத்தினர் வாசலில் கூடி, சணல் குச்சிகளைக் கொளுத்தி வானை நோக்கி உயர்த்திப் பிடித்து, பெரியோர்களைக் கூவி அழைக்கிறார்கள். இருட்டில் வந்தவர்களே, வெளிச்சத்தில் திரும்பிப் போங்கள் என்பது அந்த அழைப்பின் சாரம். 'படபடுவா டாக்கா' என்று அதற்குப் பெயர். புரியில் ஜகந்நாதர் கோவிலுக்கு முன்னால் உள்ள அகன்ற வீதியில் அந்த மாலையில் எழும் புகையில் கோபுரமே மங்கிவிடும். குழந்தைகளின் கையிலும் ஒரு குச்சி கொடுக்கப்படுகிறது. கொள்ளுத் தாத்தாவின் பெயர் என்ன என்று ஒரு பையன் வருஷத்தில் கேட்பது அன்று ஒரு நாளாகத்தான் இருக்கும்.

வங்காளத்தில் காளி பூஜைக்கு முந்தைய நாள் பூத சதுர்த்தசி. பகலில் பதினான்கு வகைக் கீரை, இரவில் பதினான்கு விளக்கு. வீட்டின் மூலைகள், மாடிப்படி, கிணற்றடி என்று இருட்டு தங்கும் இடங்களாகப் பார்த்து வைப்பார்கள். பதினான்கு தலைமுறை முன்னோர்களுக்கு என்பார் சிலர். ஆவிகளை அண்டவிடாமல் இருக்க என்பார் சிலர். செத்துப்போனவர்களில் நம்மவரை வரவேற்று மற்றவரை விரட்டும் வேலையை ஒரே விளக்கு எப்படிச் செய்யும் என்று யாரும் குடைந்து கேட்பதில்லை.

மகாராஷ்டிரத்தில் வீட்டு வாசலில் தொங்கும் காகிதக் கூண்டு விளக்குக்கு 'ஆகாஷ் கந்தீல்' என்று பெயர். ஆகாசம் பெயரில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. தாதரிலும் புனேயிலும் கடைத்தெருவில் நூற்றுக்கணக்கில் தொங்கும் நட்சத்திர வடிவக் கந்தீல்களுக்குள் இன்று எரிவது மின்சார பல்பு. அதை வாங்கிப் போகும் குடும்பத்தில் அது பித்ருக்களின் விளக்கோடு உறவுள்ளது என்று சொன்னால் அபசகுனமாக எடுத்துக்கொண்டாலும் ஆச்சரியமில்லை.

எமனும் இந்தப் பண்டிகையில் விடாமல் வருகிறார். வடக்கே தன்தேரஸ் அன்று நகைக்கடைகளில் கூட்டம் மொய்க்கும் அதே மாலையில், வீட்டுக்கு வெளியே தெற்குப் பார்த்து ஒற்றை விளக்கு வைக்கிறார்கள். அது எம தீபம். பதினாறு வயதில், திருமணமான நான்காம் நாள் பாம்பு கடித்துச் சாக வேண்டும் என்று விதிக்கப்பட்ட ஒரு ராஜகுமாரன் கதை அதற்குண்டு. அவன் மனைவி வாசலில் நகைகளைக் குவித்து, சுற்றிலும் விளக்கேற்றி வைக்கிறாள். பாம்பாக வந்த எமன் கண் கூசி, உள்ளே போக முடியாமல் விடியும்வரை உட்கார்ந்திருந்து திரும்பிப் போகிறான். தங்கம் வாங்கும் வழக்கத்துக்குக் கதையின் முதல் பாதி போதும் என்று கடைக்காரர்கள் முடிவு செய்துவிட்டார்கள். தமிழர்கள் தீபாவளி விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு 'கங்கா ஸ்நானம் ஆச்சா?' என்று கேட்டுக்கொள்ளும் அதே சதுர்த்தசியில், சாஸ்திரப்படி எமனுக்குத் தர்ப்பணமும் உண்டு. பட்டாசுச் சத்தத்தில் அது பல வீடுகளில் காணாமல் போய்விட்டது.

ஒரு விளக்கு மரணத்தைத் தடுத்து நிறுத்துகிறது, இன்னொரு விளக்கு மரணத்தைக் கடந்து போனவர்களை வழியனுப்புகிறது. இரண்டும் ஒரே வாரத்தில். இதில் முரண்பாடு இருப்பதாகத் தோன்றினால், எல்லோரும் மேடையில் சொல்லும் அந்த உபநிஷத வேண்டுதலைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். இருளிலிருந்து ஒளிக்கு அழைத்துப் போகச் சொல்லும் அந்தப் பிரார்த்தனை பிருகதாரண்யகத்தில் வருகிறது. விழா மேடைகளில் இருள் என்றால் அறியாமை, ஒளி என்றால் அறிவு என்று விளக்கம் சொல்வார்கள். ஆனால் உபநிஷதமே அடுத்த வரிகளில் விளக்கம் தருகிறது: இருள் என்பது மரணம், ஒளி என்பது மரணமின்மை. குத்துவிளக்கு ஏற்றித் தொடங்கும் கணினி கண்காட்சிகளில் இதை யாரும் நினைவுபடுத்துவதில்லை. நினைவுபடுத்தினால் விழா அமைப்பாளர் சங்கடப்படுவார்.

அதே உபநிஷதத்தில் ஜனகர் யாக்ஞவல்கியரிடம் கேட்கும் கேள்விகள் இன்னும் ஆழமாகப் போகின்றன. மனிதனுக்கு எது வெளிச்சம்? சூரியன் என்கிறார் ரிஷி. சூரியன் அஸ்தமித்தால்? சந்திரன். அதுவும் மறைந்தால்? நெருப்பு. நெருப்பும் அணைந்தால்? பேச்சு. தன் கையே தெரியாத இருட்டிலும் குரல் வரும் பக்கம் நடக்கலாம் அல்லவா? பேச்சும் அடங்கிப்போனால்? அப்போது ஆன்மாவே அவனுக்கு வெளிச்சம் என்கிறார் யாக்ஞவல்கியர். வெளியே இருக்கும் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே போகும் உரையாடல் இது. மகாவீரர் நிர்வாணம் அடைந்த இரவைப் பற்றி ஜைனர்களின் 'கல்ப சூத்திரம்' சொல்வதும் இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியது. ஞான ஒளி போய்விட்டது, இனி பொருள்களால் ஆன ஒளியையாவது ஏற்றுவோம் என்று பதினெட்டு அரசர்கள் அன்று விளக்கேற்றினார்களாம். பாவாபுரியில் தொடங்கியதாக ஜைனர்கள் நம்பும் தீபாவளி, இல்லாமல் போன ஒன்றின் இடத்தில் வைத்த விளக்கு.

காசிக்கு வருவோம். ஒளிர்தல் என்ற பொருள் தரும் வடமொழி வேரிலிருந்து வந்த பெயர் அது. விசுவநாதர் பன்னிரண்டு ஜோதிர்லிங்கங்களில் ஒருவர். அடிமுடி காண முடியாத ஒளித் தூண் பூமியைப் பிளந்துகொண்டு எழுந்த கதை திருவண்ணாமலைக்கு எவ்வளவு சொந்தமோ, காசிக்கும் அவ்வளவு சொந்தம். ஆனால் இங்கே ஒளி என்றால் மணிகர்ணிகையும்தான். இரவு பகல் அணையாத சிதைகள் எரியும் இடம். சாகும் உயிரின் காதில் சிவன் தாரக மந்திரம் ஓதுவதாக நம்பும் ஊரில், விளக்குக்கும் சிதைக்கும் இடையே மற்ற ஊர்கள் போடும் திரையை யாரும் போட்டதில்லை.

ஆகாச தீபத்தின் பழைய வீடு பஞ்சகங்கா கட்டம். மணிகர்ணிகையைத் தாண்டி வடக்கே போனால் வரும். கங்கை, யமுனை, சரஸ்வதி, கிரணா, தூதபாபா என்று ஐந்து நதிகள் அங்கே கூடுவதாக ஐதிகம். கண்ணுக்குத் தெரிவது கங்கை மட்டும். கிரணா என்றால் கதிர். சூரியன் அங்கே தவம் செய்தபோது வழிந்த வியர்வை அந்த நதியானதாகக் காசிப் புராணம் சொல்கிறது. கார்த்திக மாதம் முழுவதும் விடியுமுன் இந்தப் படிகளில் குளிப்பது பெரும் புண்ணியம் என்று, நடுங்கிக்கொண்டே இறங்கும் பெண்களின் கூட்டம் இன்றும் உண்டு. படிகளுக்கு மேலே ஒரு காலத்தில் நின்ற பெரிய பிந்து மாதவர் கோவில் ஔரங்கசீப் காலத்தில் இடிக்கப்பட்டு, அவர் கட்டிய மசூதி இன்றும் அங்கே நிற்கிறது. பிந்து மாதவர் பக்கத்திலேயே ஒரு சிறு கோவிலில் இருக்கிறார்.

இதே படிகளில்தான், விடியாத இருட்டில் கபீர் படுத்துக் கிடந்தார் என்பது கதை. குளிக்க இறங்கிய ராமானந்தரின் கால் அவர் மேல் பட, பதறிப்போய் அவர் சொன்ன ராம நாமத்தையே கபீர் உபதேசமாக எடுத்துக்கொண்டார். அன்று ராமானந்தர் கையில் ஒரு விளக்கு இருந்திருந்தால் இந்தியாவுக்குக் கபீர் வேறு மாதிரி கிடைத்திருப்பார்.

பஞ்சகங்காவில் ஒரு கல் தீபஸ்தம்பம் இருக்கிறது. ஆயிரம் அகல் ஏற்றக்கூடியது என்பதால் 'ஹஜாரா' என்று பெயர். இந்தூரை ஆண்ட அகல்யாபாய் ஹோல்கர் கொடுத்தது. விசுவநாதர் கோவிலை மறுபடி கட்டியவரும் அவர்தான். 1795ல் அவர் இறந்தார். கார்த்திகைப் பௌர்ணமி இரவில் அந்தத் தூண் முழுவதும் சுடர்விடும். அன்று சிவன் திரிபுர அசுரர்களை எரித்த நாள். தேவர்கள் மகிழ்ந்து காசிக்கு இறங்கி வந்து விளக்கேற்றியதால் அது தேவ தீபாவளி.

இதைத் திருக்கார்த்திகை என்று தமிழர்கள் குழப்பிக்கொள்வதுண்டு. இரண்டும் பௌர்ணமியை ஒட்டி வரும் விளக்குத் திருநாட்கள்தான். வடக்கே சந்திர மாதக் கணக்கு. தமிழருக்குச் சூரிய மாதமும் கிருத்திகை நட்சத்திரமும் கணக்கு. 2020ல் இரண்டும் நவம்பர் கடைசியில் ஒட்டி வந்தன. 2025ல் காசி நவம்பர் 5ந்தேதி விளக்கேற்றியது. அண்ணாமலையில் தீபம் தெரிய டிசம்பர் 3 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பாரதியார் சிறு வயதில் தங்கியிருந்த அனுமான் கட்டத்திலும், குமரகுருபரர் மடம் இருக்கும் கேதார கட்டத்துப் பக்கமும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இரட்டை வரவு.

இன்று லட்சக்கணக்கானவர்கள் பார்க்க வரும் தேவ தீபாவளியின் பெரிய வடிவம் பழங்காலத்தது அல்ல. பஞ்சகங்காவில் ஒரு சில கட்டங்களின் வழக்கமாக இருந்ததை உள்ளூர்ப் பெரியவர்கள் 1980களின் நடுவில் ஊக்கம் கொடுத்து வளர்த்தார்கள். 1990களின் தொடக்கத்தில் தசாஸ்வமேதமும் சேர்ந்துகொண்டது. வீடு வீடாக எண்ணெயும் அகலும் திரட்டி, அந்தந்த மொகல்லாவின் இளைஞர்களே ஏற்றிய விளக்குகள் அவை. கட்டத்துக்குக் கட்டம் போட்டி வந்தது. கோலங்கள் வந்தன. பிறகு அரசு வந்தது. 2020ல் பிரதமர் வந்து முதல் விளக்கை ஏற்றினார். இப்போது லேசர் காட்சியும் வாணவேடிக்கையும் உண்டு. அரசுக் கணக்கில் அகல்களின் எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டுகிறது. அன்றைய படகுகள் பல மாதங்களுக்கு முன்பே பதிவாகிவிடுகின்றன.

குறை சொல்வது சுலபம். ஆனால் அன்றைய மாலையில் படித்துறையில் நின்று பார்த்தவர்கள் அவ்வளவு சுலபமாகக் குறை சொல்ல மாட்டார்கள். காசியில் கட்டங்கள் எல்லாம் மேற்குக் கரையில். எதிர்க்கரை வெறும் மணல். சூரியன் ஊருக்குப் பின்னால் விழும் அதே நேரத்தில் எதிரே மணல்வெளிக்கு மேல் முழு நிலா எழுகிறது. அப்போது அசியிலிருந்து ராஜ்காட் வரை வில்லாக வளையும் கரை முழுவதும் படிக்குப் படி சுடர் ஏறுகிறது. மழைக்காலத்து வெள்ளம் விட்டுப்போன வண்டலை வாரக்கணக்கில் பம்பு வைத்துப் பீய்ச்சிக் கழுவிய படிகள் அவை. எண்ணெய்க்குடத்தோடு வரிசையில் குனிந்து போகும் பள்ளிக்கூடப் பெண்களுக்கு லேசர் காட்சியைப் பார்க்க நேரமில்லை. காற்று அணைக்கும் அகலை மறுபடி ஏற்றுவதற்கே மாலை சரியாக இருக்கும்.

கவலை வேறு இடத்தில். விளக்கை எண்ணத் தொடங்கினால் எண்ணிக்கைதான் விழா. அயோத்தியில் 2017ல் தொடங்கிய தீபோத்சவம் வருஷத்துக்கு வருஷம் தன் சாதனையையே முறியடித்து, 2024ல் 25,12,585 அகல்களோடு கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. 2023ல் அங்கே விழா முடிந்ததும் ஏழைக் குழந்தைகள் அணைந்த அகல்களிலிருந்து மிச்ச எண்ணெயை வடித்து எடுத்துப்போகும் படங்கள் நாடு முழுவதும் பரவின. மகாபாரதத்தின் அனுசாசன பர்வத்தில் தீப தானத்துக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. ஒளியின் இயல்பு மேலே போவது, ஆகவே விளக்குக் கொடுப்பவனும் மேலே போகிறான் என்கிறது. நெய் விளக்கு உத்தமம், தாவர எண்ணெய் அடுத்தது, கொழுப்பு கூடாது என்று எண்ணெய்க்கும் தரம் பிரிக்கிறது. விளக்கைத் திருடுகிறவன் குருடாவான் என்றும் எச்சரிக்கிறது. அந்தக் குழந்தைகள் எடுத்தது திருட்டா, பிரசாதமா என்று தீர்ப்புச் சொல்ல ஒரு கமலாகர பட்டர் இன்று இல்லை. எண்ணெய் அடுப்படிக்குப் போனதில் எந்தத் தேவருக்கும் நஷ்டமிருக்க முடியாது என்றே தோன்றுகிறது.

விஞ்ஞான விளக்கம் சொல்பவர்களும் இருக்கிறார்கள். நெல் முற்றும் பருவத்தில் பச்சைத் தத்துப்பூச்சிகள் கூட்டம் கூட்டமாக விளக்கைத் தேடி வருகின்றன, அவற்றை அழிக்கத்தான் முன்னோர்கள் விளக்கேற்றினார்கள் என்பார்கள். பூச்சிகள் வருவது உண்மை. காசியில் அந்த மாதத்தில் தெருவிளக்கின் கீழே நின்று சாப்பிட முடியாது. அதற்காக ஒருவர் மூங்கிலை நட்டு, கயிறு கட்டி, முப்பது நாள் மாலையில் தகப்பனார் பெயரைச் சொல்லி எண்ணெய் ஊற்றுவார் என்பதை நம்புவது கடினம்.

ஆகாச தீபம் புதிய ஆட்களையும் சேர்த்துக்கொண்டிருக்கிறது. 1999 கார்கில் போருக்குப் பிறகு, தசாஸ்வமேத கட்டத்தில் ஆரத்தி நடத்தும் கங்கா சேவா நிதி அமைப்பு, உயிரிழந்த ராணுவத்தினருக்காகவும் போலீஸாருக்காகவும் மூங்கில்களில் விளக்கேற்றி வருகிறது. காசிக்கு வந்தே அறியாதவர்கள், தர்ப்பணம் செய்யப் பிள்ளைகள் இல்லாமலே போனவர்கள் அவர்களில் எத்தனையோ பேர் இருப்பார்கள். சொந்தக் குலத்துக்கு மட்டும் வழிகாட்டிய விளக்கு, பெயர் தெரியாதவர்களுக்கும் காட்டலாம் என்று வழக்கம் தானாகவே ஒரு படி நகர்ந்திருக்கிறது. இதற்கு எந்தப் பண்டிதரும் ஆட்சேபம் சொன்னதாகத் தெரியவில்லை. காசியைச் சேர்ந்த ஜெய்சங்கர் பிரசாத் தன் புகழ்பெற்ற சிறுகதைக்கு 'ஆகாஷ்தீப்' என்று பெயர் வைத்தபோதும், இந்த விளக்கைக் குடும்பக் கணக்கிலிருந்து வெளியே எடுத்துக் கடலோரத்துக்குக் கொண்டுபோனார்.

பௌர்ணமி இரவில் கூட்டம் கலைய நள்ளிரவாகிவிடும். மணிகர்ணிகையில் வேலை நிற்பதில்லை. விளக்கு பார்க்க வந்த படகுகள் விலகிய பின்பும் விறகுப் படகுகள் அங்கேயே நிற்கின்றன. மறுநாள் காலை படிகளில் எண்ணெய்ப் பிசுக்கு. அகல் ஓடுகளைத் துடைப்பத்தால் கூட்டி மூட்டை மூட்டையாக அள்ளுகிறார்கள். கார்த்திகம் முடிந்துவிட்டதால் மூங்கில்களையும் பிடுங்கிச் சாய்க்கிறார்கள். கூடைகள் அவிழ்க்கப்படுகின்றன. கயிறு நன்றாக இருந்தால் அடுத்த சரத் பூர்ணிமை வரை சுருட்டி வைப்பார்கள்.